குழந்தையின் கால் வளைவு, நொண்டல், எலும்பு முறிவு: எந்த எலும்பு மருத்துவரிடம், எப்போது போவது?

உங்கள் பையனுக்கு இருபது மாதம். கால் இரண்டும் வெளிப்பக்கமாக வளைந்திருக்கிறது. முதலில் பார்த்த எலும்பு டாக்டர் விசேஷ ஷூ எழுதிக் கொடுத்தார், அடுத்தவர் ஒன்றும் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். இதில் யார் சொல்வதைக் கேட்பது, குழந்தைகளுக்கென்றே இருக்கிற எலும்பு நிபுணரைத் தேடிப் போகத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் குழந்தைகள் எலும்புப் பிரிவில் பிசியோதெரபிஸ்ட். அறுவை சிகிச்சை செய்கிறவள் இல்லை, ஆனால் அதற்கு முன்னும் பின்னும் குழந்தையோடும் பெற்றோரோடும் அதிக நேரம் இருப்பது எங்கள் ஆட்கள்தான். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் உங்கள் பையன் விஷயம். இரண்டு காலும் ஒரே அளவில் வளைந்திருந்து, வலி இல்லாமல் ஓடி ஆடி, உயரமும் வயதுக்கேற்ப இருந்தால், ஒன்றும் வேண்டாம் என்றவர் சொன்னதுதான் சரி. குழந்தை பிறக்கும்போதே முழங்கால் வெளிப்பக்கம் வளைந்துதான் இருக்கும். ஒன்றரை வயதிலிருந்து இரண்டு வயதுக்குள் நேராகும். அதோடு நிற்காமல் எதிர்ப்பக்கம் போகும், மூன்று நான்கு வயதில் முழங்கால்கள் ஒன்றோடொன்று முட்டி, கணுக்கால்கள் விலகி நிற்கும். அதைப் பார்த்துவிட்டு "முன்னே ஒரு கோணல், இப்போது வேறு கோணல்" என்று பதறிக்கொண்டு வருவார்கள். ஏழு வயது வாக்கில் பெரியவர்களுக்கு இருக்கிற அளவுக்கு வந்து நின்றுவிடும். சலேனியஸ், வான்க்கா என்ற இருவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் முழங்கால் கோணத்தை அளந்து 1975இல் வெளியிட்ட வரைபடம் இதைத்தான் காட்டுகிறது, இன்றைக்கும் அதை வைத்துத்தான் ஒப்பிடுகிறோம். இந்த மாற்றம் ஷூ போட்டாலும் நடக்கும், போடாவிட்டாலும் நடக்கும்.

ஒரு கால் மட்டும் வளைந்திருந்தால், இரண்டு வயது தாண்டியும் வளைவு கூடிக்கொண்டே போனால், காலை ஊன்றும் ஒவ்வொரு முறையும் முழங்கால் வெளிப்பக்கம் வெட்டி வெட்டிப் போனால், வயதுக்கு உயரம் மிகக் குறைவாக இருந்தால், மணிக்கட்டு தடித்துத் தெரிந்தால், அப்போது கதை வேறு. சீக்கிரமே நடக்க ஆரம்பித்த, எடை கூடுதலான குழந்தைகளில் முழங்காலுக்குக் கீழே உட்பக்கத்தில் மட்டும் எலும்பு வளர்வது மந்தமாகிவிடும், பிளவுண்ட் நோய் என்று பெயர். அதற்கு நான்கு வயதுக்குள் சரிசெய்துவிட்டால் திரும்ப வருவது குறைவு, அதைத் தாண்டினால் ஒரே குழந்தைக்கு அடுத்தடுத்து அறுவை சிகிச்சை என்று நீள வாய்ப்பு அதிகம். மணிக்கட்டு தடிப்பும் உயரக் குறைவும் சேர்ந்து வந்தால் ரிக்கெட்ஸ். பெரும்பாலும் வைட்டமின் டி குறைவால் வருவது, சில குடும்பங்களில் சிறுநீர் வழியாகப் பாஸ்பேட் வெளியேறிவிடுகிற பரம்பரைக் கோளாறால். இதில் ரத்தத்தில் இருக்கிற குறையைச் சரிசெய்யாமல் எலும்பை மட்டும் வெட்டி நேராக்கினால் திரும்ப வளையும். பையனுக்கு இவற்றில் ஒன்றுகூட இல்லையென்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, முழங்கால் முன்னே பார்த்தபடி நேராக நிற்கவைத்து ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். அதைவிடப் பெரிய பரிசோதனை இப்போதைக்குத் தேவையில்லை.

சரி, இனி பொதுவான கேள்விக்கு வருகிறேன். குழந்தைகளுக்குத் தனி நிபுணர் எதற்கு? எலும்பு எல்லோருக்கும் எலும்புதானே என்று தோன்றும். குழந்தையின் எலும்பு வளர்ந்துகொண்டிருக்கிற எலும்பு, அந்த ஒன்றில்தான் எல்லாம் இருக்கிறது. நீள எலும்புகளின் முனைகளில் வளர்ச்சித் தட்டு என்று மெல்லிய குருத்தெலும்பு அடுக்கு உண்டு, உயரம் கூடுவது அங்கேதான். தொடை எலும்பின் கீழ்முனைத் தட்டு வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது, முழங்காலுக்குக் கீழே உள்ளது சுமார் 6 மில்லிமீட்டர். பெண் குழந்தைகளுக்குப் பதினான்கு வயது, பையன்களுக்குப் பதினாறு வயது வரை இது நடக்கிறது என்று வைத்துக் கணக்குப் போடுவார்கள். அதனால் ஆறு வயதுப் பையனின் தொடை எலும்புக் கீழ்த்தட்டு அடிபட்டு மூடிக்கொண்டால், அந்தக் கால் வளர்ந்து முடிக்கும்போது சுமார் பத்து சென்டிமீட்டர் குட்டையாக நிற்கும். அதே அடி பதினைந்து வயதில் பட்டால் வித்தியாசமே தெரியாமல் போகலாம். பாதித் தட்டு மட்டும் மூடினால் குட்டையாவதோடு கோணலாகவும் வளரும்.

இந்த வளர்ச்சி கெடுதல் மட்டும் செய்வதில்லை, குணப்படுத்தவும் செய்கிறது. கொஞ்சம் கோணலாக ஒட்டிய எலும்பைச் சின்ன வயதில் அதுவே நேராக்கிவிடும். வளைவைத் திருத்த எலும்பை வெட்டாமல், தட்டின் ஒரு பக்கத்தில் மட்டும் சின்னத் தகடு ஒன்றை இரண்டு திருகாணியால் பொருத்திவிட்டு, மறுபக்கம் வளர வளரக் கால் தானாக நேராகும்வரை காத்திருந்து எடுத்துவிடுகிற வைத்தியமும் இருக்கிறது. ஆனால் வளர்ச்சி மீதம் இருந்தால்தான் அது பலிக்கும். குழந்தை எலும்பு மருத்துவரின் திறமை கத்தி பிடிப்பதில் மட்டும் இல்லை. எதைக் காலத்திடம் விட்டுவிடலாம், எதை ஒரு ராத்திரிகூடத் தள்ளிப்போடக் கூடாது என்று பிரித்துச் சொல்வதுதான் அவர் வேலையில் பாதி. அவரிடம் போகச் சொல்வது இதற்காகத்தான்.

எலும்பு முறிவில் இது நன்றாகத் தெரியும். சின்னக் குழந்தையின் எலும்பு பல நேரம் இரண்டாக ஒடியாது, பச்சைக் கொம்பை வளைத்தால் ஒரு பக்கம் மட்டும் பிளந்து மறுபக்கம் வளைந்து நிற்குமே, அப்படித்தான் இருக்கும். மணிக்கட்டுக்கு மேலே எலும்பு ஒரு பக்கம் லேசாகப் புடைத்துக்கொள்கிற முறிவு ஒன்று உண்டு, அதற்கு மாவுக்கட்டுகூட வேண்டாம், சில வாரம் கழற்றி மாட்டுகிற பட்டை போதும். கணுக்கால், முழங்கால், மணிக்கட்டு ஆகிய இடங்களில் அடி என்றால் வளர்ச்சித் தட்டு சம்பந்தப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பார்கள். கனடாவைச் சேர்ந்த சால்டரும் ஹாரிஸும் 1963இல் பிரித்த ஐந்து வகைகளில் எது என்று டாக்டர் எழுதியிருப்பார், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மூன்றாவதிலிருந்து மேலே போகப் போகக் கவலை கூடும். ஒன்றாவது வகையில் எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கலாம், தட்டு இருக்கிற இடத்தை விரலால் அழுத்தினால் மட்டும் குழந்தை துடிக்கும்.

முழங்கையைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். குழந்தைகளுக்கு வருகிற முறிவுகளில் எனக்கு எப்போதும் பயம் தருவது முழங்கைக்குச் சற்று மேலே ஒடிவது. ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் அதிகம், உயரத்திலிருந்து கையை ஊன்றி விழுந்தால் வரும். அந்த இடத்தில்தான் கைக்குப் போகிற ரத்தக் குழாயும் நரம்புகளும் எலும்பை ஒட்டிப் போகின்றன. குழந்தை அழுதுகொண்டிருக்கும், முழங்கையைத் தொடவே விடாது, ஆனால் விரல்களைப் பார்க்கலாம். விரல் நுனியை அழுத்தி விட்டால் இளஞ்சிவப்பு நிறம் உடனே திரும்புகிறதா, கை சில்லென்று இருக்கிறதா, வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு வட்டம் போடச் சொல்லுங்கள். விரல் நுனிகள் மடங்காமல் தட்டையாக ஒட்டிக்கொண்டால் ஒரு நரம்பு அடிபட்டிருக்கிறது என்று பொருள். வெளுத்த, குளிர்ந்த கை என்றால் காலைவரை காத்திருக்கக் கூடாது, அந்த நேரத்திலேயே அறுவை அரங்குக்குப் போக வேண்டிய விஷயம் அது.

கட்டுப் போட்ட பிறகும் கவனம் வேண்டும். வீக்கம் கூடிக் கட்டு இறுகினால் முன்கைத் தசைக்கு ரத்தம் போகாமல் தசை செத்து, விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடும். ஜெர்மனியின் வோல்க்மன் 1881இலேயே எழுதிவைத்தது, இன்றும் நடக்கிறது. பெரியவர்கள் வலி தாங்க முடியவில்லை என்று சொல்வார்கள், குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. இருப்புக்கொள்ளாமல் தவிக்கும், காரணமில்லாமல் பயந்து அழும், வலி மருந்து கொடுத்து ஒரு மணி நேரத்தில் திரும்பக் கேட்கும். விரலை நீங்கள் மெல்ல நிமிர்த்தினால் வீறிடும். இப்படி இருந்தால் "முதல் நாள் அப்படித்தான் இருக்கும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கட்டை முழுக்கப் பிளந்து பார்க்க வேண்டும், அந்த இரவிலேயே. எலும்பைத் திரும்ப வைத்துக் கட்டிக்கொள்ளலாம், செத்த தசையைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

அதே முழங்கையின் வெளிப்பக்கக் குமிழ் உடைவதும் ஏமாற்றுகிற முறிவு. அந்த வயதில் அந்த இடம் பெரும்பாலும் குருத்தெலும்பு, எக்ஸ்ரேயில் தெரியாது. படத்தில் ஒரு மெல்லிய கீற்று மட்டும் நகர்ந்திருப்பது போல இருக்கும், உள்ளே மூட்டுப் பரப்பே விலகியிருக்கும். 2 மில்லிமீட்டருக்கு மேல் விலகினால் கம்பி வைத்துப் பொருத்துவதுதான் வழக்கம். விட்டுவிட்டால் ஒட்டாமலே இருந்து, பல வருடம் கழித்து சுண்டுவிரல் பக்கம் மரத்துப்போகும். பெரியவர்களையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தக் கீற்று தப்பிவிடுவதுண்டு. (கையைப் பிடித்து இழுத்ததும் இரண்டு மூன்று வயதுக் குழந்தை கையை அசைக்காமல் தொங்கவிட்டுக்கொள்வது வேறு, அது முறிவு இல்லை. தெரிந்தவர் ஒரு நொடியில் திருப்பிவிடுவார், சற்று நேரத்தில் குழந்தை பொம்மையை எடுக்கும்.)

இன்னொன்று, சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நடக்கவே ஆரம்பிக்காத குழந்தைக்குத் தொடை எலும்பு முறிந்திருந்தால் எப்படி விழுந்தது, யார் கூட இருந்தார்கள் என்று துருவித் துருவிக் கேட்பார்கள். அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எலும்பு எளிதில் உடைகிற பிறவி நோய் இருக்கிறதா என்று பார்க்கவும் அதே கேள்விகள்தான் வேண்டும், குழந்தையை யாராவது அடித்திருந்தால் காப்பாற்றவும் அதே கேள்விகள்தான்.

இப்போது இடுப்பு மூட்டு. வயதுக்கு ஒரு ஆபத்து வைத்திருக்கிற மூட்டு அது. பச்சிளம் குழந்தைக்குத் தொடை எலும்பின் தலை கிண்ணத்தில் சரியாக உட்காராமல் இருக்கலாம். வயிற்றில் தலை மேலாக இருந்து பிறந்தது, பெண் குழந்தை, முதல் குழந்தை, குடும்பத்தில் யாருக்காவது இருந்தது, இவைதான் காரணிகள். வலியே இருக்காது. பிறந்ததும் தொடையை மெல்ல விரித்துப் பார்க்கிற சோதனை, இத்தாலியக் குழந்தை மருத்துவர் ஓர்டொலானி 1937இல் விளக்கியது, இன்றும் அதுதான் முதல்படி. விலகியிருந்த தலை கிண்ணத்துக்குள் திரும்பப் போகும்போது பார்ப்பவரின் விரலுக்கு ஒரு துள்ளல் தெரியும், காதுக்குக் கேட்பதைவிட விரலுக்குத்தான் அது நன்றாகத் தெரியும். முதல் நான்கைந்து மாதம் அந்தத் தலை குருத்தெலும்பாக இருப்பதால் எக்ஸ்ரேயில் பயனில்லை, ஸ்கேன்தான் பார்க்க வேண்டும். இந்த வயதில் கண்டுபிடித்தால் பாவ்லிக் பெல்ட் என்று துணி வார்களால் ஆன ஒன்று, தொடையை மடக்கி விரித்து வைக்கும், சில வாரம் மாட்டினால் பெரும்பாலான குழந்தைகளுக்குச் சரியாகிவிடும். ஆறு மாதம் தாண்டினால் மயக்கம் கொடுத்து மூட்டைச் சேர்த்து இடுப்பிலிருந்து கால்வரை மாவுக்கட்டு. நடக்க ஆரம்பித்து ஆடி ஆடி நடக்கிறதே என்று இரண்டு வயதில் கூட்டி வந்தால் மூட்டைத் திறந்து, எலும்பை வெட்டி மாற்றி வைக்கிற பெரிய அறுவை சிகிச்சை. ஒரே கோளாறுதான், கண்டுபிடித்த மாதம்தான் வேறு.

குழந்தையின் காலை நேராக நீட்டி இறுக்கித் துணியில் சுற்றுவது இந்த மூட்டுக்குக் கெடுதல். ஜப்பானில் 1970களின் நடுவில் அதை நிறுத்தச் சொல்லி நாடு முழுக்கப் பிரசாரம் செய்த பிறகு இந்தப் பாதிப்பு வெகுவாகக் குறைந்தது. சுற்றினாலும் இடுப்புக்குக் கீழே தொடை மடங்கி விரிய இடம் விடுங்கள்.

கொஞ்சம் வளர்ந்த குழந்தை திடீரென்று காலை ஊன்ற மறுத்தால், கூடவே காய்ச்சலும் இருந்தால், மூட்டில் சீழ் பிடித்திருக்கிறதா என்ற கேள்விதான் முதலில் வர வேண்டும். சளி பிடித்துப் போன பிறகு இடுப்பு மூட்டில் நீர் கோத்து இரண்டு நாள் நொண்டுகிற, தானே சரியாகிற ஒன்றும் இருக்கிறது, இரண்டும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். காய்ச்சல் 38.5 டிகிரி செல்சியஸுக்கு மேல், ஊன்ற முடியாமை, ரத்தத்தில் அழற்சியைக் காட்டுகிற இஎஸ்ஆர் 40க்கு மேல், வெள்ளையணு 12,000க்கு மேல் என்ற நான்கையும் வைத்து 1999இல் கோச்சர் குழுவினர் ஒரு வழிமுறை கொடுத்தார்கள். எத்தனை சேர்கிறதோ அத்தனைக்குச் சீழ் என்ற சந்தேகம் கூடும். சீழ் குருத்தெலும்பைத் தின்பதற்கு நாள்கணக்கு வேண்டாம், அதனால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடுகிற நோய் இல்லை. பச்சிளம் குழந்தைக்குப் பல நேரம் காய்ச்சல்கூட வராது, ஒரு காலை மட்டும் அசைக்காமல் வைத்திருக்கும், நாப்கின் மாற்றும்போது வீறிடும், அவ்வளவுதான் அறிகுறி.

நான்கிலிருந்து எட்டு வயதுக்குள், பையன்களுக்கு அதிகமாக, வலி பெரிதாக இல்லாமல் வாரக்கணக்கில் நொண்டுவது பெர்த்தஸ் நோயாக இருக்கலாம், தொடை எலும்பின் தலைக்கு ரத்தம் குறைந்து அது மென்மையாகிவிடுகிறது. பத்து வயது தாண்டிய, எடை கூடுதலான பிள்ளை நொண்டி நொண்டி, பாதம் வெளியே திரும்பியபடி நடந்தால், தொடை எலும்பின் தலை வளர்ச்சித் தட்டிலிருந்து சறுக்கிக்கொண்டிருக்கலாம். இந்த இரண்டிலும் பல நேரம் பிள்ளை முழங்கால் வலிக்கிறது என்றுதான் சொல்லும்! இடுப்புக்கும் முழங்காலுக்கும் போகிற நரம்பு ஒன்றே என்பதால் அப்படி. முழங்காலை எக்ஸ்ரே எடுத்து, ஒன்றுமில்லை என்று எண்ணெய் தடவச் சொல்லி அனுப்பிய பிள்ளைகள் சில மாதம் கழித்து முழுக்கச் சறுக்கிய எலும்போடு வருவதைப் பார்ப்பது மனதுக்குக் கஷ்டமான விஷயம். நொண்டுகிற பிள்ளைக்கு முழங்கால் வலி என்றால் இடுப்பையும் பார்த்தீர்களா என்று நீங்களே கேளுங்கள், இரண்டு இடுப்பும் சேர்த்து, முன்னிருந்தும் தொடையை விரித்துவைத்தும் இரண்டு படம். சறுக்கல் என்று தெரிந்த நிமிடத்திலிருந்து நடக்க விடக்கூடாது, சக்கர நாற்காலிதான். சறுக்கல் குறைவாக இருக்கும்போதே பிடித்தால் ஒரு திருகாணியோடு முடிகிற வேலை.

பிறவியிலேயே பாதம் உள்ளே திரும்பி, குதிகால் மேலே ஏறியிருக்கிற வளைபாதத்தைப் பற்றி நான் ஆசையாகவே பேசுவேன், ஏனென்றால் கத்தியைவிடக் கை ஜெயித்த இடம் அது. ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்றுக்கு வருகிறது. ஸ்பெயினின் மெனோர்க்கா தீவில் 1914இல் பிறந்து அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த இக்னாசியோ பொன்செட்டி, அறுத்துச் சரிசெய்த பாதங்கள் வளர்ந்த பிறகு விறைத்து வலிப்பதைப் பார்த்துவிட்டு, 1940களின் இறுதியில் மாவுக்கட்டு முறையை உருவாக்கினார். உலகம் அதை ஏற்றுக்கொள்ள 1990களின் இறுதி ஆகிவிட்டது.

அம்மா பால் கொடுத்துக்கொண்டிருப்பார், குழந்தை அரைத் தூக்கத்தில் இருக்கும். ஒருவர் கணுக்காலுக்கு முன்னால் வெளிப்பக்கம் புடைத்துத் தெரிகிற எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து, மறுகையால் பாதத்தை மெல்ல வெளிப்பக்கம் திருப்பிப் பிடித்திருப்பார். குதிகாலைத் தொடவே மாட்டார், தொட்டால் திருத்தம் அங்கேயே பூட்டிக்கொள்ளும். இன்னொருவர் விரலிலிருந்து தொடை இடுக்குவரை, முழங்காலை மடக்கி மாவுக்கட்டு போடுவார். வாரம் ஒரு கட்டு, பெரும்பாலும் ஐந்தாறு கட்டுகள். ஒவ்வொரு வாரமும் பாதம் கொஞ்சம் வெளியே வந்திருக்கும். கடைசியில் குதிகால் தசைநாரை ஒரு சின்னக் கீறலில் வெட்டிவிட்டு மூன்று வாரம் கட்டு, அதற்குள் அது நீளமாகி ஒட்டிக்கொள்ளும். கட்டு போட்டிருக்கும்போது ஒன்றை மட்டும் வீட்டில் பாருங்கள். கால்விரல் நுனிகள் தெரிய வேண்டும். விரல்கள் உள்ளே போய்விட்டால் கட்டு வழுக்கிவிட்டது, புண்ணாக்கும், உடனே எடுத்துவிட்டு வாருங்கள்.

உண்மையான வேலை அதற்குப் பிறகுதான். இரண்டு ஷூவை ஒரு கம்பியில் இணைத்த பிரேஸ், முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம், பிறகு தூங்கும் நேரம் மட்டும், நான்கு ஐந்து வயது வரை. பாதம் பார்க்க அழகாகிவிட்டதே, குழந்தை அழுகிறதே என்று இதை நிறுத்துவதால்தான் வளைவு திரும்ப வருகிறது, திரும்ப வருகிற குழந்தைகளில் பெரும்பாலோர் கதை அதுதான். முதல் வாரம் அழும். குதிகால் ஷூவின் அடியில் படிந்திருக்கிறதா, தோல் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள், தோல் நன்றாக இருந்து அழுதால் பழகிவிடும். தோல் சிவந்தால் எங்களிடம் வாருங்கள், நீங்களாகக் கழற்றி அலமாரியில் வைத்துவிடாதீர்கள்.

தட்டைப் பாதத்துக்குப் பெரும்பாலும் ஒன்றும் தேவையில்லை. சின்னக் குழந்தைகளுக்குக் கிட்டத்தட்ட எல்லோருக்குமே பாதம் தட்டைதான், முதல் பத்து வருடத்தில் மெல்ல வளைவு வரும். நுனிக்காலில் நிற்கச் சொல்லுங்கள். வளைவு தோன்றினால் கவலையில்லை. திருத்து ஷூ போட்டவர்களையும் போடாதவர்களையும் மூன்று வருடம் ஒப்பிட்டு 1989இல் வெங்கர் குழுவினர் வெளியிட்ட ஆய்வில் ஷூவால் எந்த மாற்றமும் வரவில்லை. விறைப்பான, வலிக்கிற தட்டைப் பாதம் என்றால் காட்டுங்கள். நடக்கும்போது பாதம் உள்ளே திரும்புவதும் பெரும்பாலும் வயதோடு போகும்.

ராத்திரியில் கால் வலிக்கிறது என்று அழுகிற குழந்தை நிறைய. இரண்டு காலிலும் மாறி மாறி, மாலையிலோ இரவிலோ வந்து, தடவிவிட்டால் அடங்கி, காலையில் துள்ளிக்கொண்டு ஓடினால் வளர்வலி, பயமில்லை. எப்போதும் ஒரே இடத்தில் வலி, பகலிலும் நொண்டல், காய்ச்சல், எடை குறைவு, வெளுப்பு, உடம்பில் நீலத் திட்டுகள் என்றால் ரத்தப் பரிசோதனை உடனே வேண்டும். ரத்தப் புற்றுநோய் சில குழந்தைகளுக்கு எலும்பு வலியாகத்தான் முதலில் வரும். காலையில் எழுந்ததும் மூட்டு விறைத்து, போகப் போக இளகினால் சிறார் மூட்டழற்சியாக இருக்கலாம், அதற்கு வாத நோய் நிபுணரும் கண் டாக்டரும் சேர்ந்து வேண்டும், கண்ணுக்குள் அழற்சி சிவப்போ வலியோ காட்டாமல் பார்வையைத் தின்றுவிடும்.

தசை நோயைக் கண்டுபிடிக்கப் பையனைத் தரையில் உட்காரவைத்து எழுந்திருக்கச் சொன்னாலே போதும். நான்கு வயதுப் பையன் குப்புறத் திரும்பி, கைகளைத் தரையில் ஊன்றி, பிறகு தன் முழங்காலிலும் தொடையிலும் கைவைத்து ஏறி ஏறி நிமிர்ந்தால், கெண்டைக்கால் பருத்தும் இருந்தால், டுஷென் தசைச்சிதைவு என்று சந்தேகப்பட வேண்டும். சிகே என்ற ரத்தப் பரிசோதனை மலிவானது, எளிது. இவர்களுக்குக் கல்லீரல் பரிசோதனையில் வருகிற எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி அளவுகளும் கூடியிருக்கும், தசையிலிருந்து வருவது, அதைக் கல்லீரல் நோய் என்று நினைத்து அலைந்து மாதங்களை விடுவதும் உண்டு. சீக்கிரம் தெரிந்தால் ஸ்டீராய்டு மருந்தால் நடக்கிற வருடங்களைக் கூட்ட முடிகிறது.

முதுகெலும்பு வளைவுக்குப் பத்து வயதிலிருந்து, முக்கியமாகப் பெண் பிள்ளைகளை, கைகளைச் சேர்த்து முன்னால் குனியச் சொல்லிப் பின்னாலிருந்து பாருங்கள், ஒரு பக்க விலா எழும்பித் தெரிந்தால் எக்ஸ்ரே. இதற்கு உடம்பைச் சுற்றி மாட்டுகிற பிரேஸ் வேலை செய்யுமா என்ற சண்டை 2013இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வோடு தீர்ந்துவிட்டது. பிரேஸ் போட்டவர்களில் 72 சதவீதம், போடாதவர்களில் 48 சதவீதம் பேர் அறுவை சிகிச்சை அளவுக்குப் போகாமல் தப்பினார்கள், அதை மாட்டியிருக்கிற மணி நேரம் கூடக் கூடப் பலனும் கூடியது.

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளின் பெற்றோர் இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. நடக்காத குழந்தைதானே, இடுப்பை எதற்குப் பார்க்க வேண்டும் என்று விடாதீர்கள். நடக்காத குழந்தைக்குத்தான் இடுப்பு மெல்ல விலகும், விலகி முடிந்த பிறகுதான் வலிக்கும், உட்காரக்கூட முடியாமல் போகும். சுவீடனின் தென்பகுதியில் 1994இல் தொடங்கி இந்தக் குழந்தைகளுக்கு குறித்த இடைவெளியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் இடுப்பு முழுக்க விலகுவது கிட்டத்தட்ட இல்லாமலே போயிற்று. வருடம் ஒரு தசை, வருடம் ஒரு அறுவை சிகிச்சை என்று குழந்தையைப் படுக்கவைக்கிற வழக்கத்துக்கு மெர்சர் ராங் என்ற டாக்டர் "பிறந்தநாள் நோய்" என்று பெயர் வைத்தார், வேதனையான பெயர். இன்று நடையை அளந்து பார்த்து, தேவையானதை எல்லாம் ஒரே முறையில் செய்வதைத்தான் நல்ல மையங்கள் விரும்புகின்றன. அதற்கு டாக்டர் மட்டும் போதாது. குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்துப் பழகியவர், பிரேஸ் செய்பவர், பிசியோ, நரம்பியல் மருத்துவர் எல்லோரும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் நிபுணரைத் தேடி ஓட வேண்டியதில்லை. மணிக்கட்டில் லேசான முறிவு, சாதாரணக் காலர் எலும்பு முறிவு, வளர்வலி, தட்டைப் பாதம், இவற்றை நல்ல பொது எலும்பு மருத்துவரோ குழந்தை மருத்துவரோ பார்த்துக்கொள்வார்கள். முழங்கை முறிவு, வளர்ச்சித் தட்டு முறிவு, இடுப்பு சம்பந்தப்பட்ட எதுவும், பிறவிக் கோளாறு, ஒரு பக்கம் மட்டும் இருக்கிற எதுவும், நாளாக நாளாகக் கூடுகிற எதுவும் குழந்தை எலும்பு நிபுணருக்குப் போகட்டும். அவசரம் என்றால் முதலில் பக்கத்து மருத்துவமனை, அங்கிருந்து அனுப்பச் சொல்லுங்கள்.

போகும்போது, பிறந்தபோது எடை, தலை மேலா கீழா, எந்த மாதத்தில் உட்கார்ந்தது, நடந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பழைய எக்ஸ்ரே படங்களையே எடுத்துப் போங்கள், ரிப்போர்ட் மட்டும் போதாது. குழந்தை அரைக்கால் சட்டையில் உங்களை நோக்கி வந்து திரும்பிப் போகிற வீடியோ ஒன்று செல்போனில் இருக்கட்டும், ஏனென்றால் டாக்டர் அறையில் பாதிக் குழந்தைகள் நடக்க மறுத்துவிடும். அறுவை சிகிச்சை என்று சொன்னால் இப்போது செய்யாவிட்டால் என்ன ஆகும், ஆறு மாதம் கழித்துச் செய்தால் என்ன வித்தியாசம், வளர்ச்சி முடிவதற்குள் இன்னொன்று தேவைப்படுமா என்று மூன்றும் கேளுங்கள். வளர்ச்சித் தட்டில் முறிவு என்றால், எலும்பு ஒட்டிக் கட்டு எடுத்ததோடு நிறுத்திவிடாமல், தட்டு சரியாக வளர்கிறதா என்று பார்க்க அடுத்த எக்ஸ்ரே எப்போது என்று தேதி வாங்கிக்கொண்டு வாருங்கள். அடிபட்டு ஆறு மாதம், ஒரு வருடம் கழித்துத்தான் அது தெரியும்.